திருச்சி – யாழ்ப்பாணம் விமானப் பயணம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் சுன்னாகம். யாழ்ப்பாணத்துக்குப் பக்கம், பலாலி விமான நிலையத்துக்கு இன்னும் பக்கம். அதனால் திருச்சியிலிருந்து அங்கே போக நினைக்கும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தூரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம், நேரத்தை அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திருச்சி விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் நேர்த் தூரம் எவ்வளவு?

சுமார் 184 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 114, விமானிகள் கணக்குப் பார்க்கும் கடல் மைலில் 99 (ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்). திருச்சியிலிருந்து சாலை வழியாகக் கோயம்புத்தூர் போகும் தூரத்தைவிட இது குறைவு. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வெளிநாடு என்றதும் மனசு தானாகவே தூரத்தைக் கூட்டிவிடுகிறது.

ஒரு இணையதளத்தில் 184 என்கிறார்கள், இன்னொன்றில் 190க்கு மேல் காட்டுகிறது. எது சரி?

இரண்டுமே சரி, அளக்கும் புள்ளிதான் வேறு. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் 184. திருச்சி நகரத்தின் நடுவிலிருந்து யாழ்ப்பாண நகரத்தின் நடுவுக்கு அளந்தால் 190ஐத் தாண்டும், ஏனென்றால் பலாலி குடாநாட்டின் வடகரையில் இருக்கிறது, யாழ்ப்பாண நகரம் அதற்குத் தெற்கே. பூமியைச் சரியான உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டார்களா, துருவத்தில் கொஞ்சம் தட்டையாக வைத்துப் போட்டார்களா என்பதிலும் ஒரு கிலோமீட்டருக்குள் மாறும். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில தளங்கள் இந்த இரண்டு ஊர்களுக்கும் "சாலைத் தூரம்" என்றுகூட ஒரு எண் காட்டும். நடுவில் பாக் நீரிணை இருக்கிறது, சாலை கிடையாது. அந்த எண்ணைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பறக்கும் நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் ஏறத்தாழ 1 மணி நேரம் போட்டிருப்பார்கள். அதில் நிஜமாகவே காற்றில் இருப்பது 35, 40 நிமிடம். மீதி நேரம் தரையில் போகிறது.

184 கிலோமீட்டருக்கு எதற்கு ஒரு மணி நேரம்? விமானம் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகாதா?

போகும். இந்த வழியில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம், அதன் உச்ச வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவில். 184ஐ 510ஆல் வகுத்தால் 22 நிமிடம் கூட வராது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் என்னிடம் வருகிறார்கள்.

முதலில் டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பக் கட்டை வைக்கும் நிமிடம் வரைதான் கணக்கு. பிளாக் டைம் என்பார்கள். இன்ஜினைக் கிளப்புவது, ஓடுபாதையின் முனை வரை ஊர்ந்து போவது, முன்னால் ஒரு விமானம் இறங்கினால் காத்து நிற்பது, அந்தப் பக்கம் இறங்கியபின் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வருவது எல்லாம் இதில் அடக்கம். இதற்கே 15, 20 நிமிடம் போய்விடும்.

அடுத்தது, விமானம் கிளம்பியதும் 510ஐத் தொட்டுவிடாது. மேலே ஏறும்போது வேகம் ரொம்பக் குறைவு, இறங்கும்போதும் படிப்படியாகக் குறைத்தே ஆக வேண்டும். நீளமான பயணத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சின்னப் பகுதி. இங்கே பயணம் முழுவதுமே ஏறுவதும் இறங்குவதும்தான், நடுவில் சமமாக, முழு வேகத்தில் பறக்கும் நேரம் சில நிமிடங்கள் மட்டும். பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று போகும் டவுன் பஸ்ஸுக்கும் பைபாஸில் போகும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபாதையின் திசையும் ஒரு காரணம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, பலாலியில் இருப்பது வடகிழக்கு தென்மேற்காக. போக வேண்டிய திசையோ தென்கிழக்கு. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்து அதற்கு எதிராகத்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும், ஆகவே சில நாள் ஒரு சுற்று சுற்றித்தான் வழிக்கு வர முடியும். அதுவும் சில நிமிடம். எல்லாவற்றையும் கூட்டி, கொஞ்சம் தாராளமாகவும் வைத்துத்தான் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்.

சென்னையிலிருந்து போனால்?

சென்னை – பலாலி நேர்த் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 25 நிமிடத்துக்குள் இருக்கும். கூடுதலான 170 கிலோமீட்டரை விமானம் தன் முழு வேகத்தில் கடந்துவிடுகிறது, அதனால் இருபது நிமிடம்தான் கூடுகிறது. ஏறி இறங்கும் செலவு இரண்டு பயணத்துக்கும் ஒன்றுதான்.

அதற்காகத் திருச்சிக்காரர்கள் சென்னைக்குப் போய் ஏற வேண்டும் என்று அர்த்தமில்லை. திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலிலேயே நாலரை ஐந்து மணி நேரம் ஆகிறது. திருச்சி விமானம் இல்லாத நாளில், அல்லது சென்னை டிக்கெட் ரொம்பவே மலிவாகக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஆகுமா? காற்று தள்ளுமே?

தள்ளும்தான், ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் அது பெரிதாகத் தெரியாது. மணிக்கு 250 கடல் மைல் வேகத்தில் 99 கடல் மைலைக் கடக்க 24 நிமிடம். எதிரே 20 கடல் மைல் வேகத்தில் காற்று அடித்தால் 26 நிமிடம், பின்னால் இருந்து அதே காற்று அடித்தால் 22. அவ்வளவுதான் வித்தியாசம். போகவும் வரவும் டிக்கெட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எந்தெந்த ஊருக்கு மேலே போகும்? ஜன்னலில் என்ன தெரியும்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வரைபடத்தில் இரண்டு நிலையங்களுக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கந்தர்வகோட்டைப் பக்கமாகப் போய், பட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே கடந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கடலைத் தொடும். கிட்டத்தட்டப் பாதித் தூரம் தரை, பாதி கடல். விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போகும் என்று சொல்ல முடியாது, கட்டுப்பாட்டு அறை சொல்லும் வழியில்தான் போகும், ஆனாலும் பெரிய விலகல் இருக்காது.

போகும்போது இடது பக்க ஜன்னல் கிடைத்தால், வானம் தெளிவாக இருந்தால், அதிராம்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை நீண்டு கிடக்கும் சதுப்பு நிலமும் உப்பளங்களும் தெரியும். கோடியக்கரைக்கும் பலாலிக்குப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் நடுவே உள்ள கடல் 55 கிலோமீட்டர்தான் என்பது மேலிருந்து பார்க்கும்போது நன்றாகவே புரியும். வேட்டி உலர்த்தும் தூரம் என்று எங்கள் தாத்தா சொல்வார். பலாலியை நெருங்கும்போது பனைமரங்கள், சிவப்பு மண், சதுரம் சதுரமாகத் தோட்டங்கள். என் அம்மா முதல் தடவை போனபோது, "நம்ம ஊர்ப் பக்கம் மாதிரியே இருக்குடா" என்று சொல்லிவிட்டு இறங்கும் வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

ஏடிஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. ஆனால் விசிறி இருக்கும் இடத்துக்கு நேரான முன் வரிசைகளில் சத்தம் அதிகம், காது ஒத்துக்கொள்ளாதவர்கள் பின்னால் இடம் கேளுங்கள். ஏறி இறங்கும் வாசலும் இந்த விமானத்தில் பின்பக்கம்தான் இருக்கிறது, வயதானவர்களுக்கு அதுவும் வசதி.

இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதானா?

ஒன்றுதான். இலங்கையில் 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள், 2006 ஏப்ரலில் திரும்ப இந்திய நேரத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பழைய நினைவில் "அங்கே அரை மணி முன்னாடி" என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், அது அந்தப் பத்து வருடத்துக் கதை.

விசிறி விமானம் பாதுகாப்பானதா? ஏன் பெரிய விமானம் விடவில்லை?

பாதுகாப்பானதுதான். வெளியே விசிறி சுற்றுவதைப் பார்த்துப் பழைய காலத்து விமானம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் இன்ஜின்தான், அது விசிறியைச் சுற்றுகிறது. குறுகிய தூரத்துக்கு எரிபொருள் குறைவாகக் குடிக்கும் என்பதால்தான் உலகம் முழுக்கச் சின்ன ஊர்களுக்கு இதையே விடுகிறார்கள்.

பெரிய விமானம் வராததற்குக் காரணம் பலாலியின் ஓடுபாதை. திருச்சியில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீள ஓடுபாதை இருக்கிறது, ஜெட் விமானங்கள் தினமும் வந்துபோகின்றன. பலாலியில் அவ்வளவு கிடையாது. ஏடிஆருக்கு 1,300 மீட்டர் அளவு இருந்தாலே போதும். இன்னொன்று, 180 பேர் ஏறும் விமானத்தை விட்டால் தினமும் அத்தனை பேர் வேண்டுமே. 70, 80 பேர் ஏறும் விமானம் என்றால்தான் இந்த வழிக்குத் தாக்குப்பிடிக்கும்.

சரி, வீட்டிலிருந்து கிளம்பி அங்கே வீட்டுக்குப் போய்ச் சேர மொத்தம் எவ்வளவு நேரம்?

நிஜமாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒரு மணி நேரத்தில் போய்விடுவேன், சாப்பாட்டை எடுத்து வையுங்கள்" என்று அங்கே சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். புதுக்கோட்டை சாலையில் இருக்கும் விமான நிலையத்துக்குத் திருச்சி நகருக்குள்ளிருந்து ஆட்டோவில் அரை மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுகிறோம். அதைக் குறைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள், கவுன்டரை மூடிவிட்டால் விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற முடியாது. விமானத்தில் ஒரு மணி. இறங்கியபின் குடிவரவு, சுங்கம், பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி, சில நாள் ஒரு மணி. அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் 17, 18 கிலோமீட்டர், வண்டியில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. கூட்டினால் ஐந்தரை, ஆறு மணி நேரம் வருகிறது. அதில் காற்றில் இருப்பது வெறும் நாற்பது நிமிடம்!

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பரவாயில்லை, பேருந்தில் ஒன்றிரண்டு மணி நேரம். மதுரையிலிருந்து வருகிறவர்கள் பஞ்சப்பூர்ப் பேருந்து முனையத்தில் இறங்கி, அங்கிருந்து விமான நிலையத்துக்கு வர அரை மணிக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நேரம் ஆகும் என்றால் முன்பு போல் கொழும்பு வழியாகவே போகலாமே?

வேண்டாம். திருச்சி – கொழும்பு விமானம் நெடுங்காலமாக இருக்கிறது, நேர்த் தூரம் சுமார் 417 கிலோமீட்டர், அதுவும் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கியபின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வடக்கே வர வேண்டும், சாலையில் 350 கிலோமீட்டருக்கு மேல். அதாவது 184 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குப் போக 417 கிலோமீட்டர் தெற்கே பறந்து, அதே அளவு வடக்கே ஊர்ந்து, மொத்தம் 800 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம் அதற்கே போகும். அக்கா கல்யாணம் முடிந்த புதிதில் நாங்கள் அப்படித்தான் போனோம். இரவு பஸ் பிடித்து, விடிந்து போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தது. முதல் நாள் முழுக்க அவர் படுக்கையில்தான் இருந்தார்.

2025 மார்ச் 30 அன்று இண்டிகோ திருச்சியிலிருந்து நேராகப் பலாலிக்கு விடத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் பட்ட சந்தோஷம் இதனால்தான். கொழும்பில் உங்களுக்கு வேறு வேலை இருந்தால் அந்த வழியில் போங்கள். இல்லாவிட்டால் தேவையே இல்லை.

இந்த வழி இப்போதுதான் புதிதாக வந்ததா?

பலாலிக்கு விமானம் வருவது புதிது இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம் அது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, சென்னைக்குப் போன டகோட்டா விமானம்தான். அப்போது காங்கேசன்துறை என்றுதான் இந்த நிறுத்தத்தைக் குறிப்பிடுவார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், விமானத் தளம் முழுக்க ராணுவத்தின் கையில் போனது.

2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறந்தார்கள், நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிவந்தது. நாலே மாதம்தான், கொரோனா வந்து நின்றுபோனது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது, அதற்கு அடுத்த வருடம் திருச்சி.

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய உறவு ரயிலிலும் இருந்தது. போட் மெயில் என்ற ரயில் சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தனுஷ்கோடி போகும், அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடிக்க வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. அதற்குப் பின் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடி, எண்பதுகளில் அதுவும் நின்றது.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஓடுகிறதே, அது நல்லதா?

நல்லதுதான், யாருக்கு என்பதைப் பொறுத்தது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கடல் வழி 110 கிலோமீட்டர் அளவு, கடலில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. திருச்சியிலிருந்து நாகைக்கு மூன்றரை மணி நேரம், கப்பல் காலையில் கிளம்பினால் முந்தைய நாளே போய்த் தங்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட், சுங்கச் சோதனை இங்கும் உண்டு.

டெல்டாப் பக்கம் இருக்கிறவர்கள், மூட்டை முடிச்சோடு போகிறவர்கள், நேரம் இருக்கிறவர்கள் கப்பலைப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும், அந்தச் சமயத்தில் அடிக்கடி நிறுத்திவைப்பார்கள். கல்யாணம், துக்கம் மாதிரி தேதி தவறக்கூடாத பயணத்துக்கு மழைக்காலத்தில் கப்பலை நம்ப வேண்டாம்.

மழைக்காலத்தில் விமானம் மட்டும் சரியாக வருமா?

கப்பலைவிடப் பரவாயில்லை, ஆனால் தாமதம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் அடிக்கிறது, திருச்சியில் வெயில் காய்ந்தாலும் பலாலியில் மேகம் தாழ்ந்து கிடக்கலாம். இறங்க முடியாவிட்டால் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். பலாலிக்கு ஒரு நாளைக்கு வருகிற விமானங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஒன்று ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். ஒரு தடவை அக்கா குடும்பம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஐந்து மணி நேரம் காத்திருந்தது, எப்போது கிளம்பும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மாற்றுத்துணி, மருந்து மூன்றையும் கைப்பையிலேயே வைக்கச் சொல்கிறேன். முக்கியமான காரியம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

பலாலியில் இறங்கி யாழ்ப்பாணத்திலிருந்து உடனே வேறு வண்டி, அல்லது திருச்சியில் இறங்கி உடனே சிங்கப்பூர் விமானம், பிடிக்கலாமா?

முதலாவது சுலபம். இறங்கும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி நகரத்தில் பஸ்ஸோ ரயிலோ பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவதில் கவனம் தேவை. யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்கள் திருச்சியில் மாறிப் போக நினைக்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்திருந்தால் திருச்சியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து திரும்ப உள்ளே போக வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பு ஏற்கமாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக எடுங்கள், விசா தேவையா என்று எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விசா?

இரண்டு பக்கமும் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிக்கொள்வதுதான் நல்லது. இந்தியர்களுக்கு இலங்கையின் இ.டி.ஏ. (இணையத்தில் வாங்கும் பயண அனுமதி), இலங்கையர்களுக்கு இந்தியாவின் இ-விசா. இ-விசாவில் வந்து இறங்க அனுமதி உள்ள விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று. கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன, அதனால் நான் எண் எழுதவில்லை. அரசாங்கத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே போலத் தோற்றம் காட்டி அதிகப் பணம் வாங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும்.

பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

டிக்கெட்டில் எழுதியிருக்கும் கிலோவைத் தாண்டாதீர்கள். ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் தட்டு சின்னது, பெரிய விமானத்தில் கைப்பெட்டியாக ஏற்றும் சக்கரப் பெட்டி இதில் நுழையாமல் போகலாம். குட்டையான ஓடுபாதை, வெயில் நேரம், நிறைந்த விமானம் மூன்றும் சேர்ந்தால் எடையில் கறாராகத்தான் இருப்பார்கள். அக்கா திரும்பிவரும்போது பனங்கட்டி, பினாட்டு (பனம்பழக் கூழைக் காயவைத்தது), மிளகாய்த் தூள், மாம்பழம் என்று அடுக்குவாள். தூள் பொட்டலத்தைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள், பாதுகாப்புச் சோதனையில் நேரம் மிச்சம்.

விமானம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் விமான அட்டவணை மாறும் நாட்கள். அதனால் போன மாதம் போனவர் சொன்ன நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம், டிக்கெட் எடுக்கும் அன்று பாருங்கள், கிளம்பும் முந்தைய நாளும் ஒருமுறை பாருங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் மாதத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதற்குப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

பலாலியிலிருந்து வெளியே வர வண்டி கிடைக்குமா?

ஓட்டோவும் வானும் கிடைக்கும், ஏறும் முன் வாடகையைப் பேசிவிடுங்கள். சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றால் எங்கே நிற்க வேண்டும் என்று முதல் நாளே பேசி வையுங்கள், உங்கள் இந்திய எண் அங்கே வேலை செய்யாமல் போகலாம். பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கிறது, விமான நிலையத்தைச் சுற்றிப் படம் எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது, இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. தனியாக அனுப்பலாமா?

அனுப்பலாம். இதைவிடச் சுலபமான வெளிநாட்டுப் பயணம் நம் ஆட்களுக்குக் கிடையாது. பயணமும் சின்னது, பலாலியும் சின்ன நிலையம், வழி தவறிப்போக இடமே இல்லை, இறங்கியதும் எல்லோரும் தமிழில் பேசுவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், நடக்க முடிந்தவர்களுக்கும் கேளுங்கள். நாற்காலியைத் தள்ளி வருபவர் வரிசையிலும் கூடவே நிற்பார், படிவம் நிரப்பவும் உதவுவார். போகும் வீட்டு விலாசம், அங்கே அழைக்க வேண்டிய எண், திரும்பிவரும் தேதி மூன்றையும் தெளிவாகத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள், கேட்டால் எடுத்துக் காட்டட்டும். விமானம் ஏறும்போது காது அடைக்கும், இரண்டு ஏலக்காயோ மிட்டாயோ கையில் கொடுத்தனுப்புங்கள். ஜன்னல் இடமாகவே எடுங்கள், இடது பக்கம்.